மரங்களுக்காகப் பேசியோர்: அமைதிப் பள்ளத்தாக்கு தரும் பாடம்



நம் இல்லத்துச் சிறார்கள் இலேசியைப் பாடம் பயிலும்போது அறுவர் கதையைக் கேட்டிருப்பர். காட்டு வழியே சென்ற அறுவர் பசியுற்று, கனிகள் நிறைந்த மரமொன்றைக் கண்டனர். முதலாமவன், மரத்தை வேரோடு வெட்டுவோம் என்றான். இரண்டாமவன் அடிமரத்தளவில் வெட்டினாற் போதும் என்றான். மூன்றாமவன் பெருங்கிளைகளையும், நான்காமவன் சிறு கொம்புகளையும், ஐந்தாமவன் கனிகளை மட்டும் கொய்வதையும் விரும்பினர். ஆறாமவனோ, உதிர்ந்து கிடக்கும் கனிகளே நம் பசிக்குப் போதுமே, மரத்தைத் தொடுவானேன் என்றான். கருமை முதல் வெண்மை ஈறாக உள்ளத்தின் ஆறு நிறங்களை விளக்க எழுந்த கதை இது.

இக்கதையைப் பல்லாண்டுகள் சிறார்க்குச் சொல்லிவந்த நமக்கு, அண்மைக் காலத்தில் ஒரு வினா எழுந்தது. முதலாமவன் உண்மையாகவே கோடரியை ஓங்கியிருந்தால் ஆறாமவன் யாது செய்திருக்க வேண்டும்? தான் உதிர்ந்த கனியை உண்டு ஒதுங்கிக்கொண்டால் அவன் கடமை முடிந்துவிடுமா? அல்லது மரத்தின் பொருட்டு அவன் பேசியாக வேண்டுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டாக, நம் நீலகிரியின் தென்மேற்கு மூலையை ஒட்டி, கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

1. முதுகாடு என்பது யாது?

மனிதரின் கோடரியும் உழவும் நெடுங்காலம் புகாமல், தானே முளைத்து, தானே முதிர்ந்து, தானே மடிந்து, மடிந்ததன் மேல் மீண்டும் முளைத்து நிற்கும் காட்டினை முதுகாடு எனலாம். அங்கே இளங்கன்றும் நெடுமரமும் வீழ்ந்து மட்கும் மரமும் ஒருங்கே காணப்படும். மட்கும் மரம் வீணன்று. காளானும் புழுவும் வண்டும் அதில் வாழும். அதன் சத்து மண்ணிற் சேர்ந்து அடுத்த கன்றிற்கு உணவாகும்.

ஒரு காட்டை அழித்துவிட்டு, அவ்விடத்தே அதே எண்ணிக்கையில் கன்றுகளை நட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது பலரது எண்ணம். நட்ட தோப்பில் ஒரே இன மரங்கள் ஒரே வயதில் வரிசையாக நிற்கும். முதுகாட்டிலோ மண்ணின் அடிமட்டம் முதல் மர உச்சி வரை அடுக்கடுக்காக உயிர்கள் வாழும். அவ்வடுக்குகள் அமைய நூற்றாண்டுகள் ஆகும். எனவே இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது.

புவியின் தட்பவெப்பத்திற்கும் முதுகாட்டிற்கும் உள்ள தொடர்பையும் அறிதல் வேண்டும். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரிமத்தைத் தன் உடலாக்கிக்கொள்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே ஆகும். மரத்தை எரித்தாலும் அது மட்கினாலும் அக்கரிமம் மீண்டும் காற்றிற் கலக்கிறது. முதிர்ந்த காடு மேலும் கரிமத்தைச் சேர்ப்பதில்லை என்று முன்னர் நூல்களில் எழுதப்பட்டது. ஆனால் 2008ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, முதுகாடுகளும் தொடர்ந்து கரிமத்தைச் சேர்த்துவருகின்றன என எடுத்துக்காட்டியது. 2014இல் அதே இதழில் வந்த மற்றோர் ஆய்வு, 403 மர இனங்களை ஆராய்ந்து, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க ஆண்டுதோறும் அது சேர்க்கும் கரிமமும் மிகுகிறது என்று கண்டது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. இதற்கு முதற்காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்படுதலே. காடழிப்பும் ஒரு காரணம். இந்நிலையில் நிற்கும் காட்டை நிற்கவிடுதல், புதிதாகக் கன்று நடுவதினும் முற்பட்ட கடமையாகிறது.

2. பள்ளத்தாக்கும் அணைத்திட்டமும்

நீலகிரியின் உயரங்களில் தோன்றும் குந்திப்புழை ஆறு, அமைதிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கு நோக்கிப் பாய்ந்து, தூதப்புழையிற் சேர்ந்து, பின் பாரதப்புழையிற் கலக்கிறது. பள்ளத்தாக்கை அவ்வூரார் சைரந்திரி வனம் என்பர். வனவாசத்தின் பின் பாஞ்சாலி பூண்ட பெயர் அது. ஆற்றின் பெயரோ குந்திதேவியுடையது. காடுகளிற் பொதுவாகக் கேட்கும் சில்வண்டின் ஓசை இங்குக் கேட்கவில்லையாதலின் ஆங்கிலேயர் அமைதிப் பள்ளத்தாக்கு எனப் பெயரிட்டனர் என்பது ஒரு கருத்து.

இங்கு வாழும் உயிர்களுள் சிறப்புடையது சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்றும் அதனைக் கூறுவர். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத இனம் அது. பெரும்பாலும் மரத்தின்மேலேயே வாழ்வது. வெடிப்பலா முதலிய மரங்களின் கனியும் விதையும் அதன் முதன்மை உணவு. மரங்களின் தொடர்ச்சி அறுபட்டால் அதன் வாழ்வும் அறுபடும்.

குந்திப்புழை குறுகிய மலையிடுக்கின் வழியே வீழும் இடம் அணை கட்ட ஏற்றது என்று 1928ஆம் ஆண்டிலேயே குறிக்கப்பட்டது. 1973இல் மத்தியத் திட்டக்குழு அணைத்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சுமார் 130 மீட்டர் உயர அணை. 120 மெகாவாட் மின்சாரம். பாலக்காடு, மலப்புரம் மாவட்டங்களில் பாசனம். நீரில் மூழ்கும் நிலமோ 8.3 சதுர கிலோமீட்டர். அப்பகுதி பள்ளத்தாக்கின் நடுவே ஆற்றோரக் காடாக அமைந்திருந்தது.

இங்கு ஒன்றை மறவாது கூற வேண்டும். அணையை விரும்பியோர் தீயோர் அல்லர். மலபார்ப் பகுதி மின்சாரத்தில் பின்தங்கியிருந்தது. விளக்கின்றி இரவில் பயின்ற சிறாரும், வேலையின்றி வாடிய இளைஞரும் அங்கு இருந்தனர். அவர்தம் தேவை மெய்யானது. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்னும் அநேகாந்த நெறியைப் போற்றும் நாம், மறுபக்கத்தின் நியாயத்தை முதலில் அறிந்த பின்னரே நம் பக்கத்தைப் பேசுதல் தகும்.

3. நமது குறை

இவ்விடத்தில் நமது குறையொன்றையும் கூறுதல் கடனாகும். ஆசிரியப் பயிற்சி முடித்து 1970களில் பணியேற்ற நாம், ஐந்தாம் வகுப்பில் ஆறுகள் பற்றிய பாடம் நடத்துங்கால், ‘கடலிற் கலக்கும் நீர் வீணாகும் நீர், அதனைத் தேக்குவதே முன்னேற்றம்’ எனக் கரும்பலகையில் எழுதி, மாணவரை ஏட்டில் எழுதிக்கொள்ளச் செய்தோம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இவ்வாறே கற்பித்தோம். அணைத்திட்டம் கைவிடப்பட்ட செய்தி நாளிதழில் வந்த அன்று, ஆசிரியர் அறையில் அமர்ந்து, ‘ஒரு குரங்கிற்காகவா இவ்வளவு!’ என்று நாமும் நகைத்தோம்.

சில ஆண்டுகள் கழித்து, ஆசிரியர்க்கான கோடைப் பயிற்சியொன்றில் தாவரவியல் பேராசிரியர் ஒருவர், ஆற்று நீர் கடலை அடைவதற்கு முன் வழியிலே எத்தனை உயிர்களை வாழ்விக்கிறது என்று படம் வரைந்து விளக்கினார். முகத்துவாரத்து மீன்வளமும் அந்நீரையும் வண்டலையும் சார்ந்ததே என்றார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறு ஆண்டு முதல் பாடத்தை மாற்றினோம். ஆயினும் முன்னர் ஏட்டில் எழுதிக்கொண்ட சிறாரை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று திருத்த இயலுமோ? அவருட் பலர் இன்று பேரக்குழந்தைகளைக் கண்டிருப்பர். இக்கட்டுரை அவர்களுள் ஒருவர் கையிலேனும் சேரட்டும் என்பதே நமது விருப்பம்.

4. பேசியோர் யாவர்?

பரிந்து பேசுதல் என்பது, தமக்காக வாய் திறக்க இயலாத உயிர்களின் பொருட்டு, முடிவு செய்யும் இடத்தில் உள்ளோர் முன்பும் பொதுமக்கள் முன்பும் உண்மைகளை எடுத்துரைத்து நியாயம் வேண்டுதலாகும். அமைதிப் பள்ளத்தாக்கிற்காக அவ்வாறு பேசியவருள் பெருஞ்செல்வரோ படைவலிமை உடையோரோ இலர். மிகுதியானோர் ஆசிரியர், அறிவியலார், எழுத்தாளர், மாணவர்.

1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், அறிவியலை மக்கள் மொழியில் மக்களிடம் கொண்டுசென்ற அமைப்பாகும். அதன் தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், ஊர் ஊராகச் சென்று இக்காட்டின் அருமையை விளக்கினார். பய்யனூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் சி. ஜேக்கப், மாணவரிடையே இயற்கைப் பற்றை வளர்த்தார். கவிஞர் சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர் முதலிய எழுத்தாளர்கள் ஒன்றுகூடினர். சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய கவிதை கூட்டங்கள்தோறும் பாடப்பட்டது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அரசிற்கு வேண்டுகோள் விடுத்தார். நம் தமிழகத்தவரான வேளாண் அறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் 1979இல் பள்ளத்தாக்கைப் பார்வையிட்டு, அதனோடு அட்டப்பாடி, புதிய அமரம்பலம், தமிழகத்துக் குந்தா ஆகிய காடுகளையும் சேர்த்துப் பெரியதொரு மழைக்காட்டுக் காப்பகம் அமைக்கலாம் எனப் பரிந்துரைத்தார்.

1978இல் அஷ்காபாத் நகரிற் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், சோலைமந்தி வாழும் அமைதிப் பள்ளத்தாக்கையும் நம் நெல்லைச் சீமையின் களக்காட்டையும் காக்குமாறு தீர்மானம் இயற்றியது.

5. எங்ஙனம் பேசினர்?

இவர்கள் கையாண்ட முறையே நாம் கற்க வேண்டிய பகுதியாகும். அதனை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, கற்றனர். பரிஷத்தைச் சார்ந்த தாவரவியலார், பொறியியலார், பொருளியலார் ஆகியோர் ஒருங்கமர்ந்து திட்டத்தின் ஏடுகளை ஆராய்ந்து, 1979இல் ஒரு மதிப்பீட்டு நூலை வெளியிட்டனர். மரம் அழகியது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. எவ்வளவு மின்சாரம், எவருக்கு, எவ்விலையில் என வினவினர்.

இரண்டாவது, மாற்று வழி கூறினர். மின்கடத்தலில் ஏற்படும் இழப்பைக் குறைத்தல், அனல்மின் நிலையம் அமைத்தல் முதலியவற்றை எடுத்துரைத்தனர். வேண்டா என்று மட்டும் சொல்பவர் பாதி வழியே சென்றவராவர். அனல்மின் நிலையமும் கரியமில வாயுவை வெளிவிடுவதே என்பதை இன்றைய அறிவு கொண்டு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதிரவன் ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்கும் முறை அன்று இவ்வளவு வளர்ந்திருக்கவில்லை.

மூன்றாவது, எல்லா வாயில்களையும் நாடினர். ஊர்க்கூட்டம், நாளிதழ், கையொப்பம் திரட்டிய மனு, சட்டமன்ற உறுப்பினர், உயர்நீதிமன்றம், பிரதமர் என எதையும் விடவில்லை. நீதிமன்றத் தடை 1980 சனவரியில் நீங்கியபோதும் அவர்கள் சோர்ந்துவிடவில்லை.

நான்காவது, வசை பொறுத்தனர். ‘உங்களுக்கு மனிதர் பெரிதா, மந்தி பெரிதா?’ என எள்ளினர் எதிர்த்தரப்பினர். பரிஷத்திற்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. வன்சொல்லுக்கு வன்சொல்லால் விடை தராமல், மந்தி வாழும் காடுதான் மனிதர் பருகும் ஆற்றிற்கும் தாய் என்று விளக்கினர். தடியோ கல்லோ எடுக்காமல் சொல்லாலும் எழுத்தாலும் சான்றாலும் நடத்திய இம்முயற்சி, அகிம்சையின் செயல்வடிவம் என்றே நாம் கருதுகிறோம்.

6. விளைவு

பிரதமர் இந்திரா காந்தி பணியை நிறுத்திவைக்குமாறு கேரள அரசைக் கேட்டுக்கொண்டார். அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் அமைந்த குழு 1983இல் அறிக்கை அளித்தது. அவ்வாண்டின் இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது, பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். 1985 செப்டம்பர் 7ஆம் நாள் பிரதமர் இராஜீவ் காந்தி பூங்காவை முறைப்படி தொடங்கிவைத்தார். 1986இல் உருவான நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் அது ஆயிற்று.

ஆயினும் ஒருமுறை காத்தால் என்றைக்கும் காத்ததாகாது. 2000க்குப் பின் பூங்காவின் எல்லையை ஒட்டிக் கீழே பாத்திரக்கடவு என்னுமிடத்தில் மற்றோர் அணைத்திட்டம் முன்வைக்கப்பட்டது. மீண்டும் மக்கள் பேசினர். 2007இல் சுமார் 148 சதுர கிலோமீட்டர் காடு பூங்காவிற்குக் காப்பு வளையமாகச் சேர்க்கப்பட்டது.

தனி ஒருவர் பேசினால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர்க்கு அண்டையிலேயே இன்னொரு சான்று உண்டு. நிலம்பூரைச் சார்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் வருந்தி, 1995இல் உச்சநீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் நீதிமன்றம் அளித்த ஆணை, காடு என்னும் சொல் அகராதிப் பொருளில் குறிக்கும் நிலம் அனைத்திற்கும், அது எவருடைய உடைமையாயினும், 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. கூடலூர் மரங்களுக்காக எழுந்த மனு நாடு முழுவதற்கும் பயன் தந்தது.

7. இன்றைய நிலை

2021இல் கிளாஸ்கோ நகரிற் கூடிய தட்பவெப்ப மாநாட்டில், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் 2030க்குள் காடழிவை நிறுத்த உறுதி கூறினர். உறுதிமொழியை நினைவூட்டுவோர் இல்லையேல் அது ஏட்டளவில் நின்றுவிடும்.

2024 சூலை 30ஆம் நாள் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியதை நாம் மறக்க இயலாது. உறங்கியவர் உறக்கத்திலேயே மாண்டனர். புவி வெப்பமுற்றதனால் அன்று பெய்த மழை ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுந்தது என அறிவியலார் கணித்துள்ளனர். காடு இருந்திருந்தால் அத்துன்பம் முற்றிலும் நேர்ந்திராது என்று நாம் கூறோம், அது மிகையாகும். ஆனால் வேர்கள் மண்ணைப் பிணைப்பதும், காடு மழைநீரை உறிஞ்சி மெல்ல விடுவதும் உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் நலிந்த பகுதிகளைக் காக்க வேண்டும் என்று மாதவ் காட்கில் குழு 2011இலேயே அறிக்கை அளித்திருந்தது.

8. நமக்குரிய பணி

தாவரம் ஓரறிவுயிர். அதற்குத் தொடுவுணர்வு உண்டு. பேசும் வாய் இல்லை. தீர்த்தங்கரர் ஒவ்வொருவரும் ஒரு மரத்தின் நிழலிலேயே முழுதுணர்வு எய்தினர். நம் சினாலயங்களில் முக்குடையோடு பிண்டி மரமும் பொறிக்கப்படுகிறது. இவற்றை நாள்தோறும் வணங்கும் நாம், மெய்யான மரத்திற்குச் செய்யக் கூடியவை சிலவற்றைக் கூறி முடிப்போம்.

உங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள பழங்காடு எது என அறிந்துகொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்துள்ள காடு, உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகையின் எச்சமாகும். விடுமுறை நாளில் சிறாரை அத்தகைய இடத்திற்கு அழைத்துச் சென்று, இலை கிள்ளாமல், கூச்சலிடாமல் காணச் செய்யுங்கள்.

பெருந்திட்டங்களுக்கு முன் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்துவதை 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வகுத்துள்ளது. அத்தகைய அறிவிப்பு நாளிதழில் வந்தால் புறக்கணியாது படியுங்கள். கூட்டத்திற்குச் சென்று பேசுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விவரம் கேட்கலாம். கிராம சபையில் ஏரிக்கரை மரத்திற்காகவும் தீர்மானம் கொணரலாம். மனு எழுதும்போது மூன்றினைக் கடைப்பிடியுங்கள்: அறிந்ததை மட்டும் எழுதுக, எவரையும் இழித்துரைக்காதீர், மாற்று வழியொன்றையேனும் கூறுக.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். ஆறாமவன் கடமை யாது? கதையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவன் வாளா அமர்ந்து உதிர்ந்த கனியை உண்ணவில்லை. மற்ற ஐவரும் கேட்குமாறு, இதுவே போதுமே, மரத்தைத் தொடுவானேன் என்று சொன்னான். இத்தனை ஆண்டுகள் கதையைக் கற்பித்த நாம், அவன் உண்டதையே நினைந்தோம். பேசியதைக் கவனியாது விட்டோம். தன்னளவில் தீங்கு செய்யாமை அறத்தின் ஒரு பாதி. தீங்கு நிகழுமிடத்து இன்சொல்லால் எடுத்துரைத்தல் மறு பாதி.

குடும்பத்தோடு கலந்துரையாட வினாக்கள்

1. நட்ட தோப்பிற்கும் முதுகாட்டிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. அமைதிப் பள்ளத்தாக்கு அணையை விரும்பியோர் கூறிய நியாயங்களை அவர்தம் இடத்தில் நின்று கூறுக.
3. அணையை மறுத்தோர் கையாண்ட நான்கு முறைகள் யாவை? அவற்றுள் உங்களால் இயல்வது எது?
4. ‘மனிதர் பெரிதா, மந்தி பெரிதா?’ என உங்களை ஒருவர் வினவினால், சினமின்றி எங்ஙனம் விடையளிப்பீர்?
5. உங்கள் ஊரில் உள்ள மிக முதிய மரம் எது? அதன் வரலாற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுக.

ஐந்தாம் வினாவிற்குச் சிறார்கள் எழுதும் விடைகளைப் பெற்றோர் பாதுகாத்து வைப்பாராக. அம்மரத்திற்காகப் பேச வேண்டிய நாள் வருமாயின், அந்த ஒரு பக்கமே முதற்சான்றாக அமையும்.

வளர்க நல்லறம்!